கொலுசுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. டேக் கட்டலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமனார் தொடங்கிய வெள்ளிக் கொலுசுக் கடையை நானும் என் கணவரும் நடத்துகிறோம். சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பட்டறைகளுக்குக் கட்டி வெள்ளி கொடுத்து, கொலுசாக வாங்கி, பெரும்பாலும் வெளியூர்க் கடைகளுக்கு மொத்தமாக அனுப்புகிறோம். முன்பக்கம் சில்லறை விற்பனையும் உண்டு. இருப்பில் சுமார் 6,000 ஜோடி இருக்கும், அதில் சில்லறை கவுன்ட்டரில் 900. மாதம் ஒருமுறை ஸ்டாக் எடுக்க இரண்டு நாள் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் 200, 300 கிராம் இடிக்கிறது. ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் விற்கும் நிறுவனத்தார் வந்து, “பொத்தானை அமுக்கினால் ஒரே நிமிடத்தில் 6,000 ஜோடியும் கணக்கில் வந்துவிடும், ஒரு கிராம்கூடத் தப்பாது” என்கிறார்கள். டேக் ஒன்று 14 ரூபாய், கையில் பிடிக்கும் ரீடர் 85,000, டேக் கட்டிய சரக்கு வெளியே போனால் கண்டுபிடிக்கும் வாசல் கேட் 1,60,000, மென்பொருளுக்கு ஆண்டுக்கு 30,000 என்று விலை கொடுத்திருக்கிறார்கள். மகன் வாங்கச் சொல்கிறான். மாமனார் பேஸ்மேக்கர் வைத்தவர், ரேடியோ அலை என்றதும் பயப்படுகிறார். ஹால்மார்க் நம்பரும் இதுவும் ஒன்றுதான் என்கிறார் கணவர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

‘இடிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். இடிப்பது ஜோடியா, கிராமா? கடிதத்தில் கிராம் என்றுதான் இருக்கிறது. ஆறாயிரம் ஜோடியில் நான்கு ஜோடி காணோம் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களிடம் வந்த விற்பனையாளர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விலைப்பட்டியலை வேறு மாதிரி எழுதியிருப்பார், அல்லது எழுதாமலே காபி குடித்துவிட்டுப் போயிருப்பார். அவர் விற்கிற கருவிக்கு எண்ணத் தெரியும். நிறுக்கத் தெரியாது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாதிச் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்கும் இதே சாதிதான். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயமானது. ஓமலூர் சுங்கச்சாவடியில் வண்டி நுழையும்போது மேலே இருக்கும் ஆன்டெனா ரேடியோ அலையை அனுப்புகிறது. உங்கள் ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. கடுகளவு சிப்பும், அதைச் சுற்றி மெல்லிய உலோகப் படலத்தால் ஆன ஆன்டெனாவும் மட்டும்தான். வந்து விழுகிற அலையிலிருந்தே துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் விழிக்கிறது, தன் எண்ணைச் சொல்கிறது, மறுபடி தூங்கிவிடுகிறது.

அதற்குச் சொந்தக் குரலும் கிடையாது. ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்க்கும்போது, அடிவாரத்தில் யாரோ கையில் கண்ணாடித் துண்டை வைத்து வெயிலில் ஆட்டினால் இங்கே கண்ணில் மின்னுமே, அந்த மாதிரி. வெளிச்சம் சூரியனுடையது. ஆட்டுவது மட்டும்தான் கீழே இருப்பவர் வேலை. டேக்கும் ரீடர் அனுப்பும் அலையையே திருப்பி அடிக்கிறது. கூட்டியும் குறைத்தும் திருப்புகிற அந்த ஏற்ற இறக்கத்தில்தான் எண் ஒளிந்திருக்கிறது. மாமனாருக்கும் இதைச் சொல்லுங்கள்: ரீடர் அணைந்திருக்கும்போது உங்கள் கடையில் 6,000 டேக் இருந்தாலும் அவற்றிலிருந்து எந்த அலையும் வராது.

பார்கோடுக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசங்கள். பார்கோடைக் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டும், ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். டேக்குக்கு நேர்ப்பார்வை தேவையில்லை, கூட்டமாகவும் படிக்கலாம். அப்புறம், மளிகைக் கடையில் ஒரே வகை சோப்பு அத்தனைக்கும் ஒரே பார்கோடுதான் இருக்கும். டேக்கில் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி எண் கொடுக்கலாம். ஒரே டேக் பத்துத் தடவை பதில் சொன்னாலும் எண் ஒன்றுதான் என்பதால் ஒரு முறைதான் கணக்கில் ஏறும். எல்லா டேக்கும் ஒரே நேரத்தில் கத்தாதபடி, ஒவ்வொன்றும் மனம்போன போக்கில் ஒரு வரிசை எண்ணைத் தேர்ந்துகொண்டு, அது வரும்போது பேசும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான டேக் படிக்க முடியும் என்று அவர்கள் சொன்னால் அது பொய்யில்லை.

துணியாக இருந்தால்! நீங்கள் இளம்பிள்ளையில் சேலைக் கடை வைத்திருந்தால் இந்தப் பதிலை நான்கு வரியில் முடித்திருப்பேன். சேலை அந்த அலைக்குக் குறுக்கே நிற்காது. ஜரிகை கனமாக இல்லாதவரை கட்டுக்குள் இருக்கிற சேலையையும் கட்டைப் பிரிக்காமலே எண்ணிவிடலாம். டெக்கத்லான் கடைகளில் எடுத்த பொருளையெல்லாம் ஒரு தொட்டியில் போட்டதும் பில் வருகிறதே, அது இந்த வித்தைதான். உலகத்தில் இந்தத் தொழில்நுட்பம் நன்றாக வேரூன்றிய இடங்களில் ஆயத்த ஆடைக் கடை முக்கியமானது. காரணம் எளிது. சட்டை உலோகமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

உங்கள் சரக்கு வெள்ளி. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது அதுதான். ரேடியோ அலை உலோகத்தில் பட்டால் ஊடுருவாது, திரும்பிவிடும். டேக்கின் ஆன்டெனா உலோகத்தோடு ஒட்டிக்கொண்டால் சுருதி கலைந்துவிடும், சிப் விழிக்கவே விழிக்காது. இதற்காகத்தான் நகைக்கடை டேக்கை வால் வைத்துச் செய்கிறார்கள். நூலில் கட்டிய சின்ன அட்டை நகையிலிருந்து விலகித் தொங்கும், ஆன்டெனா வாலாகத் தொங்கும் அந்த அட்டையில் இருக்கும். ஆனால் இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அதற்கு நன்றாக ஈடுகொடுக்க வேண்டுமானால் ஆன்டெனாவுக்கு இடம் வேண்டும். கொலுசு வாலில் எவ்வளவு இடம் இருக்கிறது? மடித்துச் சுருக்கி வைக்கிறார்கள். அதனால் பாஸ்டேக் சில மீட்டர் தூரத்தில் கேட்பதை இது கைக்கெட்டும் தூரத்தில்தான் கேட்கும்.

ஆக, சில்லறை கவுன்ட்டரில் தட்டில் பரப்பி வைத்த கொலுசை, வால்கள் ஒரு பக்கமாகத் தொங்க, தட்டுத் தட்டாக எடுத்து ரீடர் முன் வைத்தால் நன்றாகவே எண்ணும். கவரில் திணித்து, டப்பாவில் அடுக்கி, இரும்பு பீரோவில் பூட்டி வைத்த மொத்தச் சரக்கை வெளியே நின்று எண்ணாது. மூடிய இரும்பு பீரோவுக்குள் அலை போகாது. கதவைத் திறந்து வைத்தாலோ இரும்புச் சுவர்களில் பட்டு அலை அங்குமிங்கும் எகிறி, மேல் தட்டு தெரியும், கீழ் மூலை தெரியாது. நேற்று 412, இன்று 405, நாளை 409. டேக் படிக்கப்படாத ஜோடியை மென்பொருள் ‘காணவில்லை’ என்று சிவப்பில் காட்டும். வேலைக்கு இருக்கும் பையன்களை அந்தச் சிவப்பை நம்பி ஒரு நாள் சந்தேகப்பட்டுவிட்டால் அதற்கு விலை 14 ரூபாய் இல்லை.

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஈரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கிடங்கில் வாசல் ஆன்டெனாவை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். சக்தியைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அலமாரியில் சும்மா இருந்த கட்டுகளையும் அது படித்து, ‘வெளியே போய்விட்டது’ என்று கணக்கில் கழித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் கழித்து உரிமையாளர் போன் செய்தார். கம்ப்யூட்டர்படி அவரிடம் சரக்கே இல்லையாம். கிடங்கிலோ நடக்க இடமில்லை. ஆன்டெனாவைத் திருப்பி, சக்தியைக் குறைத்து, ஒரு தகரத் தடுப்பு வைத்த பிறகுதான் சரியானது. துணியிலேயே இந்தக் கூத்து என்றால் வெள்ளியில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று பாருங்கள்.

இப்போது அந்த 200, 300 கிராமுக்கு வருகிறேன். கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறீர்கள். அது உருகுகிறது, கம்பியாக இழுபடுகிறது, வளையமாகிறது, பற்றவைக்கப்படுகிறது, சலங்கை ஏறுகிறது, கழுவப்படுகிறது, மெருகு ஏறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் தூள், கொஞ்சம் வெட்டுத்துண்டு, பற்றவைக்கும் பொடியால் கொஞ்சம் கூடுதல். சேதாரம் இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் ஒரு கணக்கு இருக்கும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் டேக் கட்டுவீர்கள்? உலையில் டேக் தங்காது. ஜோடியாகி, மெருகேறி, கடைக்கு வந்த பிறகுதான் அது டேக் கட்டக்கூடிய ஒரு பொருள். உங்கள் கிராம் அதற்கு முன்பே போய்விட்டிருக்கலாம். அல்லது போகாமலே, கொடுத்த எடையும் வாங்கிய எடையும் வேறு வேறு தராசில், வேறு வேறு நோட்டில், வேறு வேறு நாளில் எழுதப்பட்டதால் ‘போனதாக’ தோன்றலாம். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் செலவு தராசுக்கு. கம்ப்யூட்டரோடு இணைகிற மின்னணுத் தராசு ஒன்று, எண் கையால் எழுதப்படாமல் தராசிலிருந்து நேராகக் கணக்கில் விழ வேண்டும். பட்டறைக்குப் போகிற ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் எண், அந்த எண்ணைப் பையோடு போகிற சீட்டில் பார்கோடாக அச்சடித்தால் போதும். போகும்போது எடை, வரும்போது எடை, கூடவே வெட்டுத்துண்டு எடை, தூள் எடை. இரண்டு மாதம் இதை விடாமல் செய்யுங்கள். எந்தப் பட்டறையில், எந்த டிசைனில், எந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். சிறு சலங்கை அதிகம் வைத்த டிசைனில் குறைவு கூடுதல் என்று தெரிந்தால் அது திருட்டில்லை, கூலிப் பேச்சில் தீர்க்க வேண்டிய விஷயம். வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிய பிறகு 300 கிராம் என்பது மாதம் 30,000 ரூபாய்க்கு மேல். ஒரு வருட மென்பொருள் கட்டணம் அது.

சரி, டேக்கே வேண்டாமா? வேண்டும், ஆனால் அவர்கள் சொல்கிற இடத்தில் எல்லாம் வேண்டாம்.

அவர்கள் கணக்குப்படி முதல் வருடம் டேக்குக்கு 84,000, மற்றதெல்லாம் சேர்த்து மொத்தம் 3,59,000 ரூபாய். மொத்தச் சரக்கில் ஒவ்வொரு ஜோடிக்கும் டேக் கட்டினால் அது வெளியூருக்குச் சரக்கோடு போய்விடும், திரும்பி வராது. எடைக்கு விற்கிற குழந்தைக் கொலுசுக்கு ஜோடிக்கு 14 ரூபாய் என்பது உங்கள் லாபத்திலிருந்து கிள்ளுவதுதான். அங்கே டப்பாவுக்கு ஒரு பார்கோடு, டப்பாவின் எடை, முத்திரை. எண்ணவே வேண்டாம், நிறுத்தால் தெரிந்துவிடும். முன்கவுன்ட்டரில் இருக்கிற 900 ஜோடி வேறு விஷயம். ஜோடிக்கு ஜோடி டிசைன், எடை, விலை வேறு. வாடிக்கையாளர் பத்துத் தட்டு இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்று வாங்குகிறார், தட்டுக்குத் தட்டு மாறி விழுகிறது, இரவு கடை சாத்தும்போது யாருக்கும் எண்ணப் பொறுமையில்லை. அங்கே டேக் உண்மையிலேயே உதவும். 900 டேக் 12,600 ரூபாய். பில் போடும்போது கழற்றி வைத்துக்கொண்டால் அடுத்த ஜோடிக்கு அதையே கட்டலாம், எண்ணுக்கு நேரே புது விவரத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை எடுக்கிற ஸ்டாக்கைத் தினமும் இரவு எடுக்கலாம். எனக்குத் தெரிந்து இந்தக் கருவியின் நிஜமான பலன் அதுதான். முப்பது நாள் கழித்துக் காணோம் என்று தெரிவதற்கும், அன்றைக்கே தெரிவதற்கும் இருக்கிற தூரம்.

வாசல் கேட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்த டேக் பெரும்பாலும் பேசாது. கத்தரிக்கோலால் நூலை வெட்டினால் டேக் கடையிலும் கொலுசு வெளியிலும் இருக்கும். 1,60,000 ரூபாய்க்கு நல்ல கேமராவும் ஒரு பொறுப்பான ஆளும் கிடைக்கலாம்.

உங்கள் மகனுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் வால்மார்ட் 2003இல் தன்னுடைய முதல் 100 சப்ளையர்களிடம், 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிக்கும் சரக்குப் பலகைக்கும் டேக் ஒட்டி அனுப்ப வேண்டும் என்றது. தொழில் உலகமே மாறப்போகிறது என்று பேசினார்கள். பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? லாரி ஏறுகிற கடைசி நிமிடத்தில் டேக்கை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். செலவு சப்ளையருக்கு, பலன் இருந்தால் வால்மார்ட்டுக்கு. அந்த வேகம் சீக்கிரமே தணிந்தது. பல வருடம் கழித்துத் துணிமணிகளோடு தொடங்கித்தான் அந்த நிறுவனம் மறுபடி சப்ளையர்களிடம் கறாராக டேக் கேட்டது. இது ஏன் உங்களுக்கு? நாளைக்கே ஒரு பெரிய நகைக்கடை, ‘டேக் கட்டிக் கொடுத்தால்தான் கொலுசு எடுப்போம்’ என்று உங்களிடம் சொல்லலாம். அப்போது டேக் விலை யாருடையது, எண் யார் கொடுப்பது, படிக்காத டேக்குக்குச் சரக்கைத் திருப்புவார்களா என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூலிப் பேச்சில் இதையும் சேர்த்துவிடலாம்.

உங்கள் கணவர் சொல்வது வேறு விஷயம். ஹால்மார்க் நம்பர், அதாவது எச்.யு.ஐ.டி. என்பது நகையில் லேசரால் பொறிக்கும் ஆறு இலக்க எழுத்தெண் குறி. தூய்மைக்கான அடையாளம் அது. தங்கத்தில் ஹால்மார்க் கட்டாயமான நகைகளை 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது, ஆனால் விருப்பப்பட்டால் மட்டும். அதில் ரேடியோவும் இல்லை, சிப்பும் இல்லை. வாடிக்கையாளர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்ப்பதற்கானது. டேக் உங்கள் கடைக்கு உள்ளே இருக்கும் அடையாளம், எச்.யு.ஐ.டி. நகையோடு காலத்துக்கும் போகிற அடையாளம். முத்திரை வாங்கிய ஜோடியாக இருந்தால் டேக் எண்ணுக்கு நேரே எச்.யு.ஐ.டி.யையும் கணக்கில் எழுதி வையுங்கள்.

மாமனார் விஷயம். அவர் பயத்தைச் சிரித்துத் தள்ள வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இப்படிப்பட்ட ஆன்டெனா பக்கத்தில் சாய்ந்து நிற்கக் கூடாது, நிற்காமல் கடந்து போய்விட வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. அவருடைய கணக்கு மேஜைக்கு அடியிலோ, முதுகுக்குப் பின்னாலோ ஆன்டெனா வைக்காதீர்கள். கை ரீடரை அவர் சட்டைப் பை உயரத்தில் வைத்து யாரும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வாங்கும் முன்பு ரீடரின் விவரத் தாளை எடுத்துப்போய் அவருடைய இதய மருத்துவரிடம் காட்டுங்கள், கடைசி வார்த்தை மருத்துவருடையது. கைக்கடிகாரத்தைக் காட்டிப் பாஸ்டேக்கில் பணம் திருடும் பையன் வீடியோ ஒன்று 2022இல் சுற்றியதே, அதைப் பார்த்து மாமனார் பயந்திருந்தால், அது ஜோடிக்கப்பட்டது என்று அப்போதே மறுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

ரீடர் வாங்கும்போது ஒன்று பாருங்கள். நம் நாட்டில் இதற்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கியிருப்பது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, பிறகு அது 868 வரை நீண்டது. அமெரிக்காவில் 902 முதல் 928. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற சில ரீடர்கள் அமெரிக்கக் கணக்கில் அமைத்து வரும். இந்திய அலைவரிசையில் இயங்குகிறதா, ரேடியோ கருவிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். டேக்கில் எழுதிய எண்ணை வேறு யாரும் மாற்ற முடியாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டித் தருவார்களா என்றும் கேளுங்கள். நாளைக்கு இந்த நிறுவனத்தோடு ஒத்துவரவில்லை என்றால் உங்கள் இருப்புக் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துப் போக முடியுமா என்பதையும். இதற்குத் தயங்கினால் தயங்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்பு கடை விடுமுறை நாளில் அவர்களை வரச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரி அட்டைகளில் வேண்டாம், உங்கள் கொலுசில், உங்கள் தட்டில், உங்கள் கடையில் செய்து காட்டட்டும். நூறு ஜோடிக்கு டேக் கட்டி, தட்டில் எப்போதும் வைக்கிற மாதிரி வைத்து, ஐந்து முறை எண்ணச் சொல்லுங்கள், ஐந்து முறையும் நூறு வர வேண்டும். பிறகு அவர்கள் பார்க்காதபோது நான்கை எடுத்துவிட்டு, எந்த நான்கு என்று கேளுங்கள். அதையே பீரோவுக்குள் வைத்தும் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் வாசல் கேட்டை அவர்கள் விடாமல் பேசினால், மாமனாரின் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் மூன்று ஜோடியைப் போட்டு இறுக்க மூடி, விற்பனையாளர் கையிலேயே கொடுத்து வாசலைத் தாண்டி நடக்கச் சொல்லுங்கள்.